ஒருபொழுது, அரைச்சோறு

தோ பாயோவில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



சிங்கப்பூரில் தோ பாயோ லோரோங் 8-ல் 2001-ஆம் எண்ணில் இருப்பது வைராவிமட காளியம்மன் ஆலயம். 2003-ஆம் எண்ணில் தோ பாயோ பலதுறை மருந்தகம். இரண்டு வாசலுக்கும் காலையிலேயே ஆட்கள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். ஆலயத்துக்கு வருகிறவர் சஷ்டி, கிருத்திகை என்று விரதம் பிடித்தவர். மருந்தகத்துக்கு வருகிறவர், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்ததால் பட்டினி கிடந்தவர்.

ரத்தம் எடுத்து முடிந்ததும் இந்த இரண்டாமவர் நேரே போகிற இடம் கோப்பிக்கடை. முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே இருக்கும். கோசோங் ஒன்று, முட்டை போட்டது ஒன்று என இரண்டு பிராட்டா, கூடவே ஒரு தே தாரேக். பிளாஸ்திரி ஒட்டிய கையை நீட்டி மடக்க முடியாமல் மற்ற கையால் பிராட்டாவைப் பிய்த்து மீன்குழம்பில் தோய்ப்பார். இரவெல்லாம் காத்த விரதம் எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இனிப்பு நீர் எவ்வளவு என்ற கணக்கு அப்புறம் வரும்.

இன்று உலகமே பேசுகிற இடைவிட்ட விரதத்துக்கு வருவோம். பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு, மீதி எட்டு மணி நேரத்துக்குள் உண்பது 16:8. வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல் சாப்பிட்டு, இரண்டு நாள் மட்டும் 500, 600 கலோரியோடு நிறுத்திக்கொள்வது 5:2. 2012-ல் மருத்துவர் மைக்கேல் மோஸ்லி பிபிசி தொலைக்காட்சியில் இதைத் தன் உடம்பிலேயே செய்து காட்டியபின் அது பிரபலமானது. நாளுக்கு ஒரே வேளை உண்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கப்பெயர் வந்துவிட்டது. நம் பாட்டிமார் அதை ஒருபொழுது என்று சொல்லிவிட்டு அடுப்படி வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஆனால் பாட்டியின் ஒருபொழுதில் ஓர் ஓட்டை உண்டு. விரத நாளில் விலக்கியது சோற்றைத்தான். அரிசியை யாரும் விலக்கவில்லை. பகலில் ஒருவேளை இலையில் உட்கார்ந்தவர் இரவில் 'பலகாரம்' என்று இட்லி, உப்புமா, கேசரி எடுத்துக்கொள்வார். கடுமையான விரதம் என்றால் அவல், ஜவ்வரிசி. ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்தைப் பிரித்தெடுத்து உருட்டியது. அதில் வேறெதுவும் பெரிதாக இல்லை. காவடி எடுப்பவர்கள் கதையும் இதே மாதிரிதான். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடப்பதற்காக வாரக்கணக்கில் சைவம் காக்கிறார்கள். அத்தனை நாள் விரதத்துக்குப் பிறகும் எடை இறங்காதவர்கள் உண்டு. மீனும் முட்டையும் காலி செய்த இடத்தில் சோறு வந்து உட்கார்ந்துகொண்டால் எடை எப்படி இறங்கும்? விரதத்தின் நோக்கம் எடை இல்லை என்பது உண்மைதான். விரதம் இருந்தும் இனிப்பு நீர் குறையவில்லையே என்று வருந்துகிறவருக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவும்.

சோற்றைக் குறைப்பது என்ற யோசனைக்கும் வயது 160 ஆண்டுக்கு மேல். லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர் இருந்தார். சவப்பெட்டி செய்து இறுதிச்சடங்கு நடத்துவது குடும்பத் தொழில். அரச குடும்பத்துக்கே அவர்கள்தான். 1862-ல் அவருக்கு 60 வயது தாண்டியிருந்தது. ஐந்தடி ஐந்தங்குல உயரத்துக்கு எடை ஏறத்தாழ 92 கிலோ. குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட முடியாது. படியில் இறங்கும்போது முட்டி தாங்காது என்று பின்பக்கமாக இறங்குவார். துடுப்புப் போட்டுப் பார்த்தார். உடம்பு உறுதியானது, பசியும் கூடியது, எடையும் கூடியது. கடைசியில் காது மந்தமாகிவிட்டதே என்று வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். ஹார்வி பாரிஸில் கிளோட் பெர்னார்டின் உரைகளைக் கேட்டவர். ஈரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்று பெர்னார்டு கண்டதை மனத்தில் வைத்திருந்தார். காதுக்கு மருந்து தருவதற்குப் பதில் ரொட்டி, பால், சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் இவற்றை நிறுத்தச் சொன்னார்.

பாண்டிங் 20 கிலோ இறங்கினார். 1863-ல் தன் அனுபவத்தைச் சிறு நூலாகத் தன் செலவில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். அதைப் படித்து எடை குறைக்கக் கிளம்பியவர்கள் எத்தனை பேர் என்றால், அவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. சுவீடன் மொழியில் இன்றும் உணவைக் குறைத்து இளைப்பதற்கு 'பாந்தா' என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் இந்நாளைய ரசிகர்கள் அமுக்கிவிடுவார்கள்: அவருடைய பட்டியலில் மதிய உணவோடு இரண்டு மூன்று கிண்ணம் ஒயின் இருந்தது.

அதன்பின் இந்த யோசனை மறைவதும் தலைகாட்டுவதுமாக இருந்தது. 1921-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரசல் வைல்டர் வலிப்பு நோயாளிகளுக்காக 'கீட்டோஜெனிக்' உணவைப் பரிந்துரைத்தார். 1972-ல் ராபர்ட் அட்கின்ஸ் நூல் எழுதினார். தமிழர் வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது 2010-களின் நடுவில். கொண்டுவந்தவர் அமெரிக்காவில் வசிக்கும் நியாண்டர் செல்வன். 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற முகநூல் குழுவும், கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட 'பேலியோ டயட்' நூலும் லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தன. மருத்துவமனைக் கட்டிலில் ஆரம்பித்த ஒன்று இப்படித்தான் சமையற்கட்டுக்குள் நுழைந்தது. காலையில் ஊறவைத்து வறுத்த நூறு பாதாம், அல்லது வெண்ணெய் போட்டு அடித்த பட்டர் டீ. மதியம் முட்டை, காய்கறி. இரவு இறைச்சி, மீன், பனீர். தானியம் கிடையாது, பருப்பு கிடையாது, சர்க்கரை அறவே கிடையாது. தமிழன் ஒருவன் இட்லி வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? அம்மா அழுவார், மனைவி இரண்டு சமையல் செய்ய வேண்டிவரும், விருந்துக்குப் போன இடத்தில் "என்ன, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று காதோரம் விசாரிப்பார்கள்.

அந்த அலையில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வா என்று குழு வற்புறுத்தியது. தனக்கு இனிப்பு நீர் இருப்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. இரண்டாவது, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்கிற சொற்கள் மருத்துவக் கட்டுரையிலிருந்து இறங்கி மீன்கடை வாசலுக்கு வந்தன. கெட்டதும் இருக்கிறது. கெட்ட கொழுப்பு எவ்வளவு ஏறினாலும் கவலைப்படாதே என்று சிலர் பரப்பிய தைரியம் தவறான தைரியம். எல்டிஎல் என்னும் அந்தக் கெட்ட கொழுப்பு ஏறினால் மாரடைப்பு அபாயம் ஏறுகிறது என்பதில் இதய மருத்துவத்துக்கு ஐயமில்லை. நெய்யும் வெண்ணெயும் கூடிய உணவில் சிலருக்கு அது வெகுவாக ஏறும். மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்காமல் தட்டில் நெய்யை ஊற்றிக்கொண்டே இருப்பது சூதாட்டம்.

ஏன் நமக்கு இந்த விஷயம் மற்றவர்களைவிட அதிகம் உறுத்த வேண்டும்? ஒரு படத்தைச் சொன்னால் போதும். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு பேராசிரியர்கள் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒரே அளவு, 22.3. கருவியில் படுக்கவைத்துக் கொழுப்பை அளந்தார்கள். யுட்கினுக்கு 9.1 விழுக்காடு. யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தராசுக்கு இருவரும் ஒன்று, ஈரலுக்கும் கணையத்துக்கும் அப்படி இல்லை. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக நம் குடும்பப் படங்களில் நிற்கும் மாமாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேறுபாட்டை எண்ணால் பிடிக்கும் முயற்சி சிங்கப்பூரிலேயே நடந்தது. 2002 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இங்கே கூடியது. ஆசியர்களுக்கு 23-லேயே கவனம் தொடங்க வேண்டும், 27.5-க்கு மேல் அபாயம் அதிகம் என்று சொன்னது. சிங்கப்பூர் அந்த அளவுகளையே எடுத்துக்கொண்டது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 68 கிலோ வரை போகலாம் என்று பழைய கணக்கு சொல்லும். புதிய கணக்கில் 62, 63 கிலோவிலேயே எச்சரிக்கை மணி அடிக்கிறது. இந்த ஐந்து கிலோ பெரும்பாலும் இடுப்பில்தான் இருக்கிறது. தையற்கடை நாடாவைத் தொப்புள் உயரத்தில் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் தராசைப் பார்க்கத் தேவையே இல்லை.

2016 ஏப்ரலில் சுகாதார அமைச்சராக இருந்த கான் கிம் யோங் நாடாளுமன்றத்தில் நீரிழிவின்மீது போர் அறிவித்தார். மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்கினார். அன்றைய கணக்கில் ஒன்பது சிங்கப்பூரர்களில் ஒருவருக்கு நீரிழிவு. அறுபது வயது தாண்டியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு. அந்த வயதில் இந்தியர்களை மட்டும் எடுத்தால் பத்தில் ஆறு பேருக்கு என்றார். ஒரு கல்யாணப் பந்தியில் மூத்தவர்கள் வரிசையை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

அமைச்சரின் அறிவிப்புக்கும் பேரணி உரைக்கும் இடையில், 2016 மே மாதத்தில், சோறே செய்தியானது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி ஸீ யூங் காங், இனிப்புப் பானத்தைவிட வெள்ளைச்சோறு பெரிய அபாயம் என்று பேசினார். மூன்றரை லட்சம் பேரை நான்கு முதல் இருபத்திரண்டு ஆண்டு வரை பின்தொடர்ந்த ஆய்வுகளின் தொகுப்பைச் சுட்டினார். நாள்தோறும் கூடுகிற ஒவ்வொரு தட்டு வெள்ளைச்சோற்றுக்கும் நீரிழிவு வாய்ப்பு 11 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் முடிவு. கணக்கு எளிது. நூறு கிராம் வெந்த சோற்றில் மாவுச்சத்து ஏறத்தாழ 28 கிராம். உணவங்காடிக் கடையில் குவித்துப் போடும் தட்டில் இருநூறு, இருநூற்றைம்பது கிராம் இருக்கும். ஒரு டின் குளிர்பானத்தில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு அது. குளிர்பானம் குடிப்பவரை முறைத்துப் பார்க்கிற நாம், சோற்றுக்கு இரண்டாம் முறை குழம்பு கேட்பவரைச் சாப்பாட்டு ரசிகர் என்போம்.

சரி, மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பில் என்ன நடக்கிறது? முதல் வாரத்தில் நடப்பது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு. ஈரலிலும் தசையிலும் நானூறு, ஐந்நூறு கிராம் சர்க்கரை கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. சோறு வராதபோது அந்தக் கையிருப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. ஐந்தாம் நாள் இரண்டு கிலோ இறங்கியதும் வாட்ஸ்அப்பில் படம் போட்டுவிடுவார்கள். அடுத்த ஞாயிறு பிரியாணியோடு அதில் பாதி திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான இறக்கம் தெரியும். முட்டை, மீன், கோழி எல்லாம் பசியைத் தள்ளிப்போடுவதால் மொத்தத்தில் சாப்பிடும் அளவு குறைகிறது. உணவுக்குப்பின் ரத்தச் சர்க்கரை குன்றுபோல் எழாததால் இன்சுலினுக்கும் வேலை குறைகிறது.

அப்படியென்றால் குறைமாவுதான் ஒரே வழியா என்று கேட்டால், ஆய்வுகள் அவ்வளவு விசுவாசம் காட்டவில்லை. 2018-ல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டஃபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்த உணவு, மறுபாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்த உணவு. இரு தரப்புக்கும் சர்க்கரை, மைதா கூடாது, காய்கறி நிறைய. ஓராண்டு முடிவில் முதல் பாதி 5.3 கிலோ இறங்கியது, இரண்டாம் பாதி 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் இரு பக்கத்திலும் தனித்தனி ஆட்களைப் பார்த்தால் சிலர் இருபது கிலோவுக்கு மேல் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள்.

கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவதும் இப்படித்தான். 2020-ல் கலிஃபோர்னியாவில் 116 பேரிடம் 16:8 முறையைப் பன்னிரண்டு வாரம் சோதித்தார்கள். விரதக்காரர்கள் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இறங்கினார்கள். மூன்று வேளை உண்டவர்களோடு ஒப்பிட்டால் பெரிய லாபமில்லை, இறங்கியதிலும் ஒரு பங்கு தசையாகப் போனது. 2022-ல் சீனாவின் குவாங்சௌ நகரத்தில் உடல் பருமன் உள்ள 139 பேருக்கு ஓராண்டு சோதனை. எல்லாருக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. பாதிப்பேர் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மட்டும் சாப்பிட்டார்கள். அவர்கள் 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் தராசில் அது சமம். யோஷினோரி ஓசுமி 2016-ல் நோபல் பரிசு பெற்றதை வைத்து, பதினாறு மணி நேரம் கழிந்தால் செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும் என்று யூடியூபில் நிமிடக் கணக்குப் போடுகிறார்கள். ஓசுமி ஆராய்ந்தது ஈஸ்ட் பூஞ்சையை. தோ பாயோவாசிக்கு எத்தனையாவது மணியில் அது தொடங்கும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இருந்தும் இங்கே 16:8 வேலை செய்கிறது. காரணம் உயிரியலைவிட ஊரின் பழக்கத்தில் இருக்கிறது. சிங்கப்பூரரின் நான்காவது வேளை 'சப்பர்'. இரவு பதினொன்றுக்குப் படம் விட்டு வந்து பிராட்டா, மீ கோரெங், ஒரு மைலோ. இரவு எட்டு மணிக்கு வாயைப் பூட்டிக்கொள்கிறவர் மந்திரம் எதுவும் செய்யவில்லை, அந்த நான்காவது வேளையை மட்டும் வெட்டியிருக்கிறார். வெட்டிய அளவுக்கு எடை இறங்கும். பன்னிரண்டு மணிக்கு விரதம் முடியப்போகிறது என்று கடிகாரத்தையே பார்த்திருந்து பிரியாணி மேல் பாய்கிறவருக்கு இறங்காது.

நீரிழிவு வந்தபின்னும் வழி இருக்கிறது என்று காட்டியது பிரிட்டனின் டைரக்ட் ஆய்வு. ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்தியது; முதல் முடிவு 2017-ல் வந்தது. நோய் தெரிந்து ஆறாண்டுக்குள் இருந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் கஞ்சிபோன்ற பானம் மட்டும். ஓராண்டில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பதினைந்து கிலோ இறங்கியவர்களில் 86 விழுக்காடு. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆனது. எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது.

சென்னையிலிருந்து வந்த விடை இன்னும் சாந்தமானது. நம் நாக்குக்கும் ஏற்றது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். எம். அஞ்சனா, வி. மோகன் குழுவினர் இந்தியா முழுவதும் 18,090 பேரின் உணவைக் கணக்கெடுத்து 2022-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புதிதாக நீரிழிவு கண்டவர் அதிலிருந்து மீள, உணவின் ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு 49 முதல் 54 விழுக்காட்டுக்குள்ளும், புரதத்தின் பங்கு 20 விழுக்காட்டை ஒட்டியும் இருந்தால் நல்லது என்பது அவர்கள் கணிப்பு. இந்தியர்கள் இப்போது உண்பதில் மாவுச்சத்து 62 விழுக்காடு. ஆகவே சோற்றைத் துறந்து துறவியாக வேண்டியதில்லை. தட்டில் சோற்று மேட்டைப் பாதியாகச் சரித்து, காலியான இடத்தில் கொண்டைக்கடலை, தயிர், மீன், முட்டை எதையாவது நிரப்ப வேண்டும். பேலியோக்காரர் இதைக் கோழைத்தனம் என்பார். மூன்றாம் ஆண்டிலும் கடைப்பிடிக்க முடிகிற முறை எது என்று கேட்டால் இந்தப் பேச்சு சென்னையின் பக்கமே சாயும்.

மாத்திரை எடுப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. போட்டால் சர்க்கரையை இறக்கும். மாத்திரையையும் போட்டு, காலை உணவையும் விட்டு, எம்ஆர்டியில் நின்றுகொண்டு போகிறவருக்கு முதலில் விரல் நடுங்கும், கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்து வியர்க்கும், எதிரே உள்ள எழுத்து இரண்டாகத் தெரியும். சோதித்தால் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். அப்போது விரதமாவது ஒன்றாவது, மூன்று தேக்கரண்டி சர்க்கரை கலந்த தண்ணீரை உடனே குடிக்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளில் வேறொரு ஆபத்து. மாவுச்சத்தை அறவே நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை அளவு பார்வைக்குச் சரியாக இருக்கும்போதே இது வரலாம். ரமலான் மாதத்துக்கு முன் முஸ்லிம் நோயாளிகள் மருத்துவரிடம் போய் மருந்தின் வேளையையும் அளவையும் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். யூடியூப் பார்த்து விரதம் தொடங்குகிற நம்மவர்கள் அதைச் செய்வதில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முன்பு சாப்பாட்டை வெறுத்து ஒதுக்கும் நோய் இருந்தவர்கள் இந்தப் பக்கமே வராமலிருப்பது நல்லது.

இனி கடைக்கு வருவோம். பானத்தில் தொடங்குவது சுலபம். தே ஓ கோசோங் என்றால் பாலும் இல்லை சர்க்கரையும் இல்லை, சியூ தாய் என்றால் இனிப்புக் குறைவு. 2022 டிசம்பர் 30 முதல் டின், பாட்டில் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் ஏ முதல் டி வரை எழுத்துப் போடுகிறார்கள். சோற்றுக்கு அப்படி எழுத்து இல்லை, வாய்தான் பேச வேண்டும். யோங் தாவ் ஃபூ கடையில் மீ இல்லாமல் சூப் மட்டும் கேட்கலாம். சீனரின் கலவைச்சோற்றுக் கடையில் சோறு பாதி, இரண்டு காய், ஒரு மீன் என்று கை காட்டினால் போதும். சிரமம் நம் கடையில்தான். "அண்ணே, சோறு பாதி போதும்" என்றால் அண்ணன் கரண்டியை நிறுத்தி, "பாதிக்கும் அதே காசுதான், பரவாயில்லையா?" என்பார். பரவாயில்லை என்று சொன்னபிறகும் பழக்கத்தில் முக்கால் விழும். இரண்டாவது பொரியல் கேட்டால் அதற்குத் தனிக் காசு. சோறு மலிவு, காய் விலை. இந்த நகரத்தின் இடுப்புச் சுற்றளவில் பாதிக் கதை அந்த விலைப்பலகையில் எழுதியிருக்கிறது.

கோயில் அன்னதானத்தில் காசுப் பேச்சு இல்லை. வரிசையில் வருகிறவர் தட்டை நீட்டுகிறார், தொண்டூழியர் முதல் கரண்டி சோற்றைப் போடுகிறார், இரண்டாவது கரண்டிக்கு அவர் உள்ளங்கையால் தட்டை மறைக்கிறார். "என்னண்ணே, விரதமா?" என்று கேட்கிறார் தொண்டூழியர். "இல்லப்பா, அடுத்த வாரம் ரத்தம் எடுக்கணும்." பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் நகர்ந்து முட்டைக்கோஸ் பொரியல் வாளிக்கு முன்னால் நின்று, மறைத்த கையை எடுத்துவிட்டுத் தட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறார், இரண்டாவது கரண்டியும் விழும்வரை.